துருவேறிய மேக்னட்டுக்குச் சுத்தியல் வேண்டாம்

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் அடையாறு கரை மீறியபோது, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் எத்தனையோ ஸ்கூட்டர்கள் நீரில் மூழ்கின. அப்படி நனைந்த சிறு எஞ்சின்களில் பிளைவீல், அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் மேக்னட், கிராங்க் தண்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதுண்டு. தண்டின் முனை கூம்பாகச் சரிந்திருக்கும். சக்கரத்தின் துளையும் அதே சரிவில் இருக்கும். நட்டை முறுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. சுழல்விசையைத் தாங்குவது இந்தக் கவ்வல்தான். இடையிலுள்ள சிறிய சாவியின் வேலை, ஸ்பார்க் சரியான நேரத்தில் வரும்படி சக்கரத்தை இடம்மாறாமல் பொருத்துவது. அதனால் நட்டைக் கழற்றினாலும் சக்கரம் அசையாது; துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இங்கே சுத்தியலை ஓங்குவது பெரிய தவறு. தண்டின் மீது விழும் அடி மரையை நசுக்கும், பேரிங்கைக் கெடுக்கும். சக்கரத்தில் விழுந்தால் காந்தத் துண்டுகள் விரிசல் விடும். இதற்கென்றே உள்ள கருவி மேக்னட் புல்லர். அது சக்கரத்தின் நடுமைய மரையில் ஏறி, தண்டைத் தள்ளிச் சக்கரத்தை நேராக இழுக்கிறது. "புல்லர் போட்டும் வரவில்லையே" என்பார்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்து, புல்லரை இறுக்கிய நிலையில் அதன் போல்ட் தலையில் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் விடும். கேஸ் தீ வேண்டாம்: காந்தமும் ஆயில் சீலும் பாழாகும், பெட்ரோலும் பக்கத்திலேயே இருக்கிறது. தனிக் கருவிக்குச் செலவா என்று தயங்குவோர், கிராங்க் மாற்ற எஞ்சினையே பிளக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். மரை அளவு மாடலுக்கு மாடல் வேறுபடும். சென்னை ஜிபி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வாங்கும்போது வண்டியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். திரும்பப் பூட்டுமுன் இரு கூம்புகளையும் துருவும் எண்ணெயும் இல்லாமல் துடைக்க வேண்டும்.