குறைந்த விலை தோற்றால் கேள்வி கேட்கலாமா?

அரசாங்க அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும் விலைப் பட்டியலை நம்மில் சிலராவது பார்த்திருப்போம். கால்வாய் கட்டுவது, பள்ளிக் கட்டடத்தைப் பழுதுபார்ப்பது, புல் வெட்டுவது என ஏதாவது ஒரு வேலைக்கு வந்த விலைகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் மட்டுமே இருக்கும். மிகக் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் வேலை கிடைக்கும் என்று நாம் எண்ணிக்கொள்வோம். ஆனால், எப்போதும் அப்படி நடப்பதில்லை. அப்படியே நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவ்வாறெனில், தோற்றவர் எதை வைத்துக் கேள்வி கேட்பது? அதனையே இக்கட்டுரையில் விளக்க முனைகிறேன்.

விலையை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

நம் நாட்டு டெண்டர்களில் தொழில்நுட்பத் தகுதியை ஒரு குழுவும் விலையை வேறொரு குழுவும் ஆராய்கின்றன. தகுதியை ஆராய்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது என்பது விதி. விலையைப் பார்த்துவிட்டால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா?

அடுத்து, வந்த விலைகளை இலாகாவின் சொந்த மதிப்பீட்டோடு ஒப்பிடுகிறார்கள். கட்டுமான வேலைகளில் ‘கட்-ஓஃப்’ எனப்படும் எல்லை விலையையும் கணக்கிட்டு, அதற்கும் கீழே போன விலைகளை ஒதுக்குகிறார்கள். 100 ரிங்கிட் செலவாகும் வேலையை 60 ரிங்கிட்டுக்கு எடுத்தவர் பாதியில் விட்டுவிட்டுப் போனால், மீதியை முடிக்க மீண்டும் மக்கள் பணம்தான் செலவாகும். இவை தவிர, கருவூலச் சுற்றறிக்கையின்படி பூமிபுத்ரா நிறுவனங்களுக்கு விலைச் சலுகையும் உண்டு. குத்தகைத் தொகை கூடக் கூட அச்சலுகையின் விழுக்காடு குறைந்துகொண்டே போகும்.

ஆகவே, ‘என் விலைதான் குறைவு’ என்று மட்டும் வாதாடினால் எடுபடாது. ‘நீங்கள் அறிவித்த விதிப்படிதான் என் விலையை மதிப்பிட்டீர்களா?’ என்று கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டை விளக்க இந்தியாவில் நடந்த ஒரு வழக்கு நன்கு உதவும்.

40 கோடி ரூபாயும் ஒரு விதியும்

மேற்கு வங்காள மாநில மின்சார வாரியம் புருலியா நீர்மின் திட்டத்திற்கு டெண்டர் கோரியது. அதன் விதிகளுள் ஒன்றை எளிய உதாரணத்தோடு பார்ப்போம். 1,000 மீட்டர் கால்வாய்க்கு மீட்டருக்கு 54 ரிங்கிட் என்று எழுதிய ஒருவர், மொத்தத் தொகையை 45,000 ரிங்கிட் என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பொருந்தவில்லை. எதை ஏற்பது? ஓர் அலகின் விலையே செல்லும் என்பது விதி. எனவே, அவருடைய விலை 54,000 ரிங்கிட் ஆகிவிடும்.

பட்டேல் இன்ஜினியரிங் இடம்பெற்ற கூட்டு நிறுவனத்திற்கு நேர்ந்ததும் இதுதான். வாரியம் விதிப்படி திருத்தியபோது அதன் விலை ஏறிவிட்டது. கணினிப் பிழையால் அலகு விலைகள் தவறாகப் பதிவாகிவிட்டன, மொத்தத் தொகையே சரியானது என்று அந்நிறுவனம் வாதிட்டது. அதை ஏற்றால் வாரியத்திற்குச் சுமார் 40 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் கூறியது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஆனால், 2001 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை மாற்றித் தீர்ப்பளித்தது. விலை குறைவு என்பதற்காக எல்லாருக்கும் பொதுவான விதியை ஒருவருக்கு மட்டும் தளர்த்த முடியாது என்பதே அதன் சாரம்.

40 கோடியை வேண்டாம் என்பதா என்று முதலில் எனக்கும் தோன்றியது. சிந்தித்துப் பார்த்தால் அதன் நியாயம் புரிகிறது. மற்றவர்களின் விலை தெரிந்த பிறகு ஒருவர் தம் விலையைத் திருத்தலாம் என்றால், மூடி முத்திரையிட்ட உறைக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

நீதிமன்றங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. 1994-ஆம் ஆண்டு டாட்டா செல்லுலார் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த எல்லையை வகுத்தது. எந்த நிறுவனம் சிறந்தது என்று நீதிபதிகள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். முடிவு எடுக்கப்பட்ட முறை சரியா என்று மட்டுமே பார்ப்பார்கள்.

காலம் கடந்தால் பயனில்லை

கேட்க வேண்டிய கேள்வி தெரிந்தும், கேட்க நேரம் இல்லையென்றால் என்ன செய்வது? 1996-இல் ஆஸ்திரிய அரசு நெடுஞ்சாலைக் கருவிகளுக்கான குத்தகையை முடிவு செய்த அன்றே ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டது. போட்டியிட்ட மற்ற நிறுவனங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் செய்தியை அறிந்தன. 1999-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே முடிவை எதிர்க்க வழியிருக்க வேண்டும் என்றது. இன்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பெரிய குத்தகைகளில் முடிவு அறிவிப்புக்கும் கையெழுத்துக்கும் இடையே குறைந்தது 10 நாள் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 10 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய இடமளிக்கிறது.

நம் நாட்டு நிலை

புக்கிட் மெர்தாஜாமில் என் மாமா புல் வெட்டும் வேலையும் கால்வாய் துப்புரவு வேலையும் எடுத்துச் செய்பவர். நான் இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதே அவருடைய ‘செபுட் ஹர்கா’ பாரங்களை நிரப்பிக் கொடுப்பேன். ஒருமுறை ஓர் அலுவலகத்தின் பலகையில் அவருடைய விலையே மிகக் குறைவாக இருந்தது. ஆனால், வேலை வேறொருவருக்குப் போனது. காரணம் சொல்லி ஒரு கடிதமும் வரவில்லை. கேட்டுப் பாருங்கள் என்றேன். “கேட்டா அடுத்த தடவை கூப்பிடவே மாட்டாங்க, விடு” என்றார். அந்த மாதம் இரண்டு வேலையாட்களை அவர் நிறுத்த வேண்டியதாயிற்று. அவருடைய விலையை ஒதுக்கியதற்குத் தக்க காரணம் இருந்திருக்கலாம். அது தெரிந்திருந்தால் அடுத்த முறை திருத்திக்கொண்டிருப்பார்.

பினாங்கு மாநில அரசு 2008-ஆம் ஆண்டு முதல் திறந்த டெண்டர் முறையை வலியுறுத்தி வந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் போட்டியிட அது வழிவிடுகிறது. முடிவை எதிர்த்துக் கேட்பதற்கோ சட்டத்தின் துணையும் தேவை. கூட்டரசு நிலையில் நெடுங்காலமாகக் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் இருந்ததில்லை. 1957-ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டமும் கருவூலச் சுற்றறிக்கைகளுமே வழிகாட்டின. 2025 ஆகஸ்டில்தான் மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. முடிவில் நிறைவு பெறாதவர் மறுஆய்வு கோரவும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடவும் அதில் வழி வகுக்கப்பட்டுள்ளது.

சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடாமல் இருக்க மூன்று விஷயங்கள் தேவை என்பது என் கருத்து. மதிப்பிடும் விதி முன்கூட்டியே தெரிய வேண்டும். தோற்றதற்கான காரணம் எழுத்தில் கிடைக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் கேள்வி கேட்க நாள்கள் இருக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால், கேட்பவரை யாரும் வம்புக்காரர் என்று ஒதுக்க மாட்டார்கள்.

சந்தையில் மீன் வாங்கும்போது எடையில் ஐயம் வந்தால், மீண்டும் ஒருமுறை நிறுத்துக் காட்டச் சொல்கிறோம். நேர்மையான வியாபாரி அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. நாளை நம்மில் சிலர் அரசாங்க அதிகாரிகளாகவும் சிலர் குத்தகையாளர்களாகவும் ஆகப்போகிறோம். கேட்கும் இடத்தில் இருந்தாலும் பதில் சொல்லும் இடத்தில் இருந்தாலும், அந்த மீன்காரரின் தராசை நினைவில் கொள்வோம்.