ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம்

நம் லேக் கார்டன்ஸ் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஆனால் சில வீட்டுக் கதவுகள் நவராத்திரி கொலுவுக்குக்கூடத் திறப்பதில்லை. யாருடனும் ஒட்டாதவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். எங்கள் சந்தில் அப்படி ஒரு வீடு உண்டு. அப்பாவுக்கு 72 வயது, மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரே பிள்ளைக்கு 26 வயது. ஆட்டிசமும் அறிவு வளர்ச்சிக் குறையும் சேர்ந்திருக்கிறது. நாலைந்து வார்த்தைதான் பேசுவான். தாங்க முடியாமல் போனால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான், தடுக்கிற கையைக் கடிப்பான். அவன் பெற்றோர் இருவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

ஊரில் இருந்தால் பாட்டி, அத்தை, சித்தப்பா என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். பிழைப்புக்காக இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு யோசனைதான் கிடைக்கிறது. இந்தக் கோயிலுக்குப் போங்கள், அந்த மருந்தைக் கொடுங்கள், ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். கடைசி யோசனை சொல்பவர் யாரும் தம் பெண்ணைத் தருவதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த மாமி ஒருநாள் சொன்னார்: "யோசனை நிறைய இருக்கு. இவனோட ரெண்டு மணி நேரம் உட்கார ஒரு ஆள் இருந்தாப் போதும்."

நான் ரயில்வே சிக்னல் இலாகாவில் வேலை பார்த்தவன். சிக்னல் பழுதானால் 'பழுது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. எத்தனை மணி, மழை பெய்ததா, அதற்கு முன் எந்த வண்டி போனது, எல்லாம் ரிஜிஸ்தரில் ஏறவேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் நிபுணர்கள் இதே முறையைத்தான் சொல்கிறார்கள். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதன்பின் நாம் என்ன செய்தோம் என்று மூன்று பத்தியாக எழுதவேண்டும். ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் விஷயம் தெரிந்தது. தலையை மோதுவது பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில். அதிலும் முறுக்கு, சப்பாத்தி போன்றவை இருக்கும் நாட்களில். பல் மருத்துவரிடம் போனபோது கடைவாய்ப் பல் சொத்தையாகி இருந்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் வேறு என்ன செய்வான்? திடீரென்று நடத்தை மாறினால் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் முதலில் பாருங்கள்.

பல்லைச் சரி செய்தபின் பாதி குறைந்தது. மீதிக்கு வேறு காரணம். 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், 'உதவி வேண்டும்', 'என்னைக் கவனி' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகளின் முரட்டு நடத்தை குறைவதைச் செய்து காட்டினார்கள். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மா 'தண்ணி' என்கிறாள், ஆயா 'ஜொல்' என்கிறாள், பள்ளியில் 'வாட்டர்'. பேச்சே வராத பிள்ளைக்கு ஒரு தம்ளருக்கு மூன்று பெயர். படம் ஒட்டிய அட்டைக்கு மொழி கிடையாது. இவனுக்குத் தண்ணீர், கழிவறை, போதும், வலி என்று நான்கு அட்டை. 'போதும்' அட்டைதான் அதிகம் தேய்ந்திருக்கிறது. படப் பலகை வழியே பேச வைப்பதில் நம் ஊரிலேயே அனுபவம் மிக்க நிறுவனம் தாரதலாவில் இருக்கும் இந்திய மூளை முடக்குவாத நிறுவனம்; 1974 முதல் நடக்கிறது. பூஜை நாட்களில் டாக் கொட்டும் காளி பூஜை வெடியும் இப்பிள்ளைகளைப் படுத்தும் பாடு தனி. உள்ளறை ஒன்றில் கனத்த திரை போட்டு முன்கூட்டியே பழக்கி வைப்பது நல்லது.

இப்போது ஞாயிறு மாலை ஐந்து முதல் ஏழு வரை நாங்கள் மூன்று பேர் முறை வைத்து அவனோடு உட்காருகிறோம். முதல் இரண்டு மாதம் பெற்றோரும் கூடவே இருந்தார்கள். அவன் எங்களுக்குப் பழக வேண்டுமே. புது ஆளை விட்டுவிட்டு உடனே கிளம்புவது ஆகாது.

அடுத்தது காகிதங்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டப்படி பெற்றோர் காப்பாளர் அல்லர். பலருக்கு இது தெரியாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று பெறலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். சேருமுன் மருத்துவப் பரிசோதனை இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுபவர்கள் அதைக் கேட்டு விண்ணப்பிக்க வழி செய்கிறது. ஊருக்குப் போக ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் அவனுக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதச் சலுகை உண்டு. சான்றிதழ் ரயில்வே படிவத்தில் இருக்கவேண்டும்.

ரயில்வே, மத்திய அரசு ஓய்வூதியர்கள் கவனிக்க: சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பிறகு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நாம் உயிரோடு இருக்கும்போதே பி.பி.ஓ.வில் அவன் பெயரை ஏற்றிவிடலாம். நிரந்தரக் குறைபாடு என்று மருத்துவச் சான்று ஒருமுறை தந்தால் போதும். நாம் போனபின் ஏற்ற வேண்டுமானால் அலைய வேண்டியவன் யார் என்று யோசியுங்கள். மேற்சொன்ன வீட்டில் சென்ற மாதம் பெயர் ஏறிவிட்டது. காப்பாளராக மாமியின் தம்பி மகன் சம்மதித்திருக்கிறான். சான்று இன்னும் வரவில்லை.

இந்தப் படிவங்களை நிரப்ப உதவி வேண்டுவோர் சங்க நூலகத்தில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என்னைப் பார்க்கலாம். ஞாயிறு முறைக்கு நாலாவதாக ஓர் ஆள் தேவைப்படுகிறது. இந்தி, வங்காளி தெரியாவிட்டாலும் பரவாயில்லை.