வானைத் தாங்கி, வில்லை வளைத்து: அச்சம் நீங்கி நடக்க உதவும் சீன மென்பயிற்சிகள்

வீட்டில் ஒருமுறை கால் இடறி விழுந்தவர்களுள் பலர், காயம் முழுவதும் ஆறிய பின்னரும் பழையபடி நடப்பதில்லை. குளியலறை வாசற்படியில் தயங்கி நிற்கிறார்கள். சுவரைப் பற்றிக்கொண்டே நகர்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் எலும்பு சேர்ந்துவிட்டது; உள்ளத்தில் அச்சம் நீங்கவில்லை. குடும்பத்தாரும் அன்பின் மிகுதியால், "நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்கிறார்கள். உட்கார்ந்தே இருப்பதால் தொடைத் தசைகள் மெலிகின்றன. உடலின் சமநிலை குறைகிறது. மீண்டும் விழும் வாய்ப்புக் கூடுகிறது. இவ்வாறு, விழுந்துவிடுவோமோ என்ற அச்சமே அடுத்த வீழ்ச்சிக்கு வழி அமைத்துவிடுகிறது.

இந்தச் சுழலிலிருந்து வெளிவருவதற்கு நாங்கள் பரிந்துரைக்கும் வழிகளுள், சீன நாட்டின் தாய் சி, சிகொங் ஆகிய மென்பயிற்சிகளும் அடங்கும். அவற்றின் அசைவுகளுக்கு வழங்கும் பெயர்கள் கவிதை போலத் தோன்றும். அப்பெயர்கள் அழகுக்காக மட்டும் இடப்பட்டவையல்ல. உடல் என்ன செய்ய வேண்டும் என்பதை அவையே சொல்லித் தருகின்றன.

பயிற்சிகளின் பின்னணி

சீனாவின் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்னுமிடத்தில் 1970களில் பழங்காலக் கல்லறைகள் அகழப்பட்டன. கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையில், உடற்பயிற்சி செய்யும் ஆண், பெண் உருவங்கள் தீட்டப்பட்ட பட்டுத்துணி கிடைத்தது. அவற்றுள் சில அசைவுகளுக்குக் கரடி, கொக்கு போன்ற உயிரினங்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. உவமையைக் கொண்டு உடலைப் பழக்கும் முறை அத்துணைப் பழமையானது.

'சி' என்றால் மூச்சு அல்லது உயிராற்றல். 'கொங்' என்றால் இடைவிடாத முயற்சியால் பெறும் தேர்ச்சி. தாய் சி ஒரு தற்காப்புக் கலையாகப் பிறந்தது. இன்று உடல்நலத்துக்காகவே பெரும்பாலோர் அதனைப் பயில்கின்றனர். யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டு அதனை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பெயர்கள் சொல்லும் பாடம்

சிகொங் பயிற்சிகளுள் 'பாதுவான்ஜின்' பரவலாக அறியப்பட்டது. 'எட்டுத் துண்டுச் சரிகைப்பட்டு' என்பது அதன் பொருள். எட்டு அசைவுகளும் பட்டைப் போல வழவழப்பாக, அறுபடாமல் தொடர வேண்டும் என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

முதல் அசைவு, 'இரு கைகளாலும் வானைத் தாங்குதல்'. விரல்களைக் கோத்து, உள்ளங்கைகள் மேல்நோக்கும்படி கைகளைத் தலைக்கு மேலே உயர்த்த வேண்டும். கையை உயர்த்துங்கள் என்று சொன்னால் பலரும் தோளை மட்டுமே தூக்குவார்கள். வானைத் தாங்குங்கள் என்றால், பாதம் தரையில் ஊன்றுகிறது, முதுகு நிமிர்கிறது, விலாப்பகுதி விரிந்து மூச்சு ஆழமாகிறது.

இரண்டாவது, 'இடமும் வலமும் வில்லை வளைத்துக் கழுகை எய்தல்'. உயரப் பறக்கும் கழுகை எய்வது தேர்ந்த வில்லாளியின் அடையாளம். கால்களை அகற்றி, முழங்காலைச் சற்றே மடக்கி நின்று, ஒரு கையை நீட்டி மறுகையால் நாண் இழுப்பதுபோல் செய்ய வேண்டும். பார்வை தொலைவில் உள்ள இலக்கில் நிலைக்கிறது. குனிந்து காலையே பார்த்து நடப்பவர்களுக்கு, மார்பு விரிந்து தலை நிமிரும் பழக்கம் இதனால் மீள்கிறது.

நான்காவது அசைவு, 'ஐந்து களைப்புகளையும் ஏழு கேடுகளையும் திரும்பிப் பார்த்தல்'. கடந்துபோன துன்பங்களைப் பின்னே விட்டுவிடுதல் என்று இதற்குப் பொருள் சொல்வர். அன்றாட வாழ்வில் இதன் பயன் நேரடியானது. பின்னாலிருந்து யாரேனும் அழைக்கும்போது சட்டெனத் திரும்பித் தடுமாறுவோர் பலர். பாதம் அசையாமல் மெதுவாகத் திரும்பும் பழக்கம் அத்தடுமாற்றத்தைக் குறைக்க உதவும்.

எட்டாவது அசைவில் குதிகால்களை ஏழு முறை உயர்த்தித் தாழ்த்த வேண்டும். 'நூறு நோய்கள் அகலும்' என்று அதன் பெயர் முடிகிறது. அவ்வாறு நாங்கள் உறுதி கூற மாட்டோம். கெண்டைக்கால் தசைகள் வலுப்பெறும் என்று மட்டும் சொல்வோம். நடைக்கு அதுவே பெரிய துணை.

தாய் சியில் 'மேகக் கைகள்' என்றோர் அசைவு உண்டு. கைகள் மேகம்போல் மிதந்து நகர, உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாறுகிறது. மேகம் குலுங்கி நகர்வதில்லை, பயில்பவரும் குலுங்குவதில்லை. எடையைப் பதற்றமின்றி ஒரு காலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதுதான் நடையின் அடிப்படை.

மருத்துவ ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2012ஆம் ஆண்டு வெளியாயின. இலேசானது முதல் நடுத்தர நிலை வரையிலான பார்க்கின்சன் நோயுள்ள 195 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் தாய் சியும், மற்றொரு பிரிவினர் தசை வலுவூட்டும் பயிற்சியும், மூன்றாம் பிரிவினர் தசைகளை நீட்டும் பயிற்சியும் வாரம் இருமுறை, 24 வாரங்கள் செய்தனர். உடலின் சமநிலையில் தாய் சி பிரிவினரே மற்ற இரு பிரிவினரையும்விட மேம்பட்டிருந்தனர். நீட்டல் பயிற்சி செய்தோரைவிட அவர்கள் விழுந்ததும் குறைவு. நோய் குணமாயிற்று என்று ஆய்வு கூறவில்லை. எனவே, பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று எவரும் மருந்தைத் தாமாகக் குறைத்தலோ நிறுத்துதலோ கூடாது.

தொடங்கும் முன் கவனிக்க

• அண்மையில் எலும்பு முறிவு, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவை, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு ஆளானவர்கள், மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் அனுமதித்த பின்னரே தொடங்க வேண்டும்.

• ஆறாவது அசைவில் குனிந்து பாதத்தைத் தொட வேண்டும். எலும்புத் தேய்மானமோ முதுகுத் தண்டுவட்டுத் தொல்லையோ உள்ளவர்கள் அதனைத் தவிர்க்க வேண்டும். தலையைத் தாழ்த்திச் சுழற்றும் ஐந்தாவது அசைவு, தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று.

• கைக்கெட்டும் தூரத்தில் சக்கரமில்லாத, உறுதியான நாற்காலி இருக்கட்டும். வழுக்காத தரையில், தடுக்காத உடையுடன் பயில வேண்டும். நிற்க இயலாதவர்கள் உட்கார்ந்தே கை அசைவுகளைச் செய்யலாம்.

• மூச்சை அடக்கக் கூடாது. முழங்கால் வலித்தால் இன்னும் குறைவாக மடக்குங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள்.

• முதலில் பயிற்றுநரிடம் ஓரிரண்டு அசைவுகளை மட்டும் கற்று, ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் செய்வது போதும்.

பராமரிப்போருக்கு ஒரு சொல்

விழுந்தவரைத் தாங்கிப் பிடிக்க நீங்கள் அருகில் இருப்பது அவசியம். ஆனால் அவர் எழவே கூடாது என்பது பாதுகாப்பு ஆகாது. "பார்த்து, பார்த்து, விழுந்துவிடாதீர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது அவர் மனத்தில் விழுவதே நிறைகிறது. அதற்கு மாறாக, நாற்காலிக்கு அருகே அவருடன் நீங்களும் நின்று, "வாருங்கள், வானைத் தாங்குவோம்" என்று சொல்லிப் பாருங்கள். தம் கால்களை மறந்து அவர் மேலே நோக்கும் அந்தச் சில நொடிகளில், அக்கால்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். குளியலறை வாசற்படியைத் துணையின்றிக் கடக்கும் நாளுக்கான பயிற்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.