பென்ஷன் வாத்தியாருக்கு ஒரு நாற்காலி

"வாத்தியாரய்யா, நீங்க சொன்னாச் சரிதான்!"

மேலூர்ப் பக்கமோ, வாடிப்பட்டிப் பக்கமோ, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மேலாண்மைக் குழு கூடும்போது இப்படி ஒரு வார்த்தை எழாமல் இராது. சொல்பவள் நாற்று நடவை அரை நாள் விட்டுவிட்டு வந்த ஒரு தாய். கேட்பவர், தம் ஆயுளில் பெரும் பகுதி சாக்பீஸ் பிடித்துவிட்டு இப்போது பென்ஷன் வாங்கும் பெரியவர். மரியாதையான வார்த்தைதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அது நன்மையா?

ஊர்ச் சொத்தாக இருந்த பள்ளி

ஊரார் பள்ளியைக் கவனிப்பது புதிய விஷயமல்ல. 1920-ம் வருஷத்துச் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் ஜில்லாதோறும் ஒரு கல்விக் கவுன்சிலை ஏற்படுத்தியது. ஆனால் கூலி வேலை செய்யும் தாய்க்கு அந்தச் சபைகளில் இடம் ஏது?

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய அந்த இயக்கத்தில், ஊர் ஜனங்கள் தங்களால் முடிந்ததைத் தங்கள் பள்ளிக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும் கை ஊருடையதாக இருந்தது. கணக்குக் கேட்கும் வாய் மட்டும் இல்லை. 1981-ல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். ஆசிரியர்களுக்கு அது பெரும் நன்மை. ஆனால் பள்ளியின் கடிவாளம் ஊரைவிட்டு இன்னும் சற்றுத் தூரம் போயிற்று.

கொடுக்கும் குணம் மதுரைச் சீமையில் இன்றும் வற்றவில்லை. 2024 ஜனவரியில் ஆயி பூரணம் அம்மாள், யா. கொடிக்குளம் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர வேண்டுமென்று, காலஞ்சென்ற தம் மகள் ஜனனியின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார். அந்த வருஷக் குடியரசு தின விழாவில் அரசு அவருக்கு விருது வழங்கியது. அத்தகைய தானம் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் முடியும். ஆனால் பள்ளியைக் கண்காணிக்கும் தானம் எல்லோராலும் முடியும். அதற்குத்தான் குழு.

சட்டம் தந்த இடம்

2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் இக்குழுக்கள் புதிதாக அமைந்தபோது குழுவுக்கு 20 பேர். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆயிற்று. தலைமை ஸ்தானம் பிள்ளைகளின் தாய்க்கு. கூட்டத்தைக் கூட்டுவது தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்ற ஆசிரியர் வருவது கல்வியாளர் என்ற வரிசையில். அவருக்கு ஒரே ஒரு நாற்காலி. அதுவும் ஓரத்து நாற்காலி!

அது குறைவா? இல்லை. அங்கேதான் சட்டத்தின் புத்திசாலித்தனம் இருக்கிறது.

அறுபத்தோராவது பிள்ளை

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர். இது அந்தச் சட்டத்தின் அட்டவணை. ஆகவே அறுபத்தோராவது பிள்ளை சேர்ந்த அன்றே மூன்றாவது ஆசிரியரைக் கேட்கும் உரிமை ஊருக்குப் பிறந்துவிடுகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, நல்ல குடிதண்ணீர், விளையாட்டு மைதானம் எல்லாம் அதே அட்டவணையில் உண்டு. இவற்றைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டமாக எழுதி அனுப்பும் பொறுப்பு குழுவினுடையது. அரசு மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை.

இந்த எண்கள் பதிவேட்டில் தூங்குகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் பென்ஷன் வாத்தியார். கழிப்பறைக் கதவு உடைந்திருப்பதும், தண்ணீர்த் தொட்டி கழுவாமல் கிடப்பதும் தெரிந்தவள் தாய். இரண்டு அறிவும் சேர்ந்தால்தான் காகிதத்தில் ஒரு வரி உருப்படியாக விழும்.

இரண்டு வகை வாத்தியார்

ஒருவர், பழைய பழக்கத்தில் கூட்டத்தையே வகுப்பாக்கி விடுகிறார். தாமே பேசி, தாமே தீர்மானம் எழுதி, தலைவியிடம் பேனாவை மட்டும் நீட்டுகிறார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் வராத மாதம் குழு ஊமையாகிவிடும். தலைமை ஆசிரியரும் தம் மாணவராகவோ, நண்பராகவோ இருந்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி தாட்சண்யத்தில் மடிந்துபோகும்.

இன்னொருவர், கூட்டத்துக்கு முதல் நாளே வேப்பமரத்தடியில் நாலு தாய்மாரை உட்காரவைத்து, பதிவேட்டில் எந்தப் பக்கம், எந்த எண், என்ன கேட்கலாம் என்று சொல்லிக் கொடுக்கிறார். மறுநாள் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. "தீர்மானத்தை முழுசா வாசிங்க, பிறகு கையெழுத்துப் போடுறேன்" என்று தலைவி சொல்லும்போது புன்னகையோடு கேட்டுக் கொண்டிருக்கிறார்.

முதலாமவர் தம் மரியாதையைக் காப்பாற்றிக் கொண்டார். இரண்டாமவர் பள்ளியைக் காப்பாற்றினார்.

தாம் இல்லாதபோதும் மாணவன் தானே கணக்குப் போட வேண்டும் என்பதல்லவா ஆசிரியத் தொழிலின் லட்சியம்? குழுவிலும் அதே பாடந்தான். மாணவர்கள் மட்டும் இப்போது தாய்மார்கள். பென்ஷன் வந்துவிட்டது, பணி முடிந்துவிடவில்லை!