மழுங்கிய செயின்தான் முதல் ஆபத்து! பெட்ரோல் செயின் சா: இயக்கமும் பராமரிப்பும்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி பகுதிகளில் பல வருடம் பாடுபட்டு வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. தெருவிலும் வாய்க்காலிலும் வீட்டுக் கூரையிலும் கிடந்த மரங்களை அப்புறப்படுத்த அரிவாளும் கோடரியும் போதவில்லை. பெட்ரோலில் ஓடும் செயின் சா மெஷின்கள்தான் வழியைத் திறந்துவிட்டன.

ஆள் வைத்து வெட்டினால் வெகுநேரம் பிடிக்கும் தென்னை மரத்தை இந்த மெஷின் சில நிமிடங்களில் துண்டு போட்டுவிடும். கவனம் தப்பினால் அதே வேகத்தில் ஆளையும் அறுத்துவிடும். முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸின் வேகம் அது. கை தவறியதை மூளை உணர்வதற்குள் காயம் பட்டிருக்கும்.

பெரும்பாலானோர் மெஷின் ஓடவில்லை என்றால்தான் அதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில்தான் ஆபத்து இருக்கிறது. செயின் மழுங்கினால் ஆள் மெஷினை அழுத்துவார். அழுத்தினால் கை சோரும், பிடி தளரும். மரம் அறுந்த நொடியில் அந்த அழுத்தத்தோடு மெஷின் காலுக்குப் பாயும். அதனால், பராமரிப்பு என்பது மெஷினின் ஆயுளுக்கு மட்டுமல்ல, பிடிப்பவரின் உயிருக்கும் செய்யும் வேலை.

பத்து நிமிடச் சோதனை

வேலைக்குக் கிளம்பும் முன் மெஷினை அணைத்த நிலையில் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

* செயின் இறுக்கம்: செயின் பாரின் அடிப்பக்கத்தில் தொங்காமல் ஒட்டி இருக்க வேண்டும். கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் நகர வேண்டும். புதுச் செயின் சீக்கிரம் தளரும் என்பதால் முதல் நாளில் அடிக்கடி பார்க்க வேண்டும்.
* செயின் பிரேக்: முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள தகட்டை முன்னுக்குத் தள்ளினால் செயின் அசையக் கூடாது. பிரேக் பிடிக்காத மெஷினைத் தொடவே கூடாது.
* செயின் ஆயில்: ஸ்டார்ட் செய்ததும், பாரின் முனையை வெளிர் நிற அட்டைக்கோ அடிமரத்துக்கோ மேலாக, தொடாமல் பிடித்து வேகம் கொடுத்தால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் பாரில் உள்ள ஆயில் துவாரம் தூளால் அடைத்திருக்கும்.
* ஏர் ஃபில்டர்: தூள் அடைத்திருந்தால் தட்டி, பிரஷ் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும்.

பெட்ரோலில் கலக்கும் ஆயில்

இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோல் ஊற்றினால் கொஞ்ச நேரத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாமல் அளவுக்குப்பியில் அளந்து, தனி கேனில் கலந்து, நன்றாகக் குலுக்கிய பிறகே டேங்கில் ஊற்ற வேண்டும்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப்போய்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

வேட்டி, லுங்கி வேண்டாம்

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, தொளதொள சட்டை இவற்றோடு செயின் சா பிடிப்பது தற்கொலைக்குச் சமம். தலைக்கவசம், கண்ணாடி, காதுமூடி, கையுறை, வழுக்காத பூட்ஸ் அவசியம். மெஷினின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால், காதுமூடி இல்லாமல் தொடர்ந்து வேலை செய்தால் காது மந்தமாகும். செயின் சாவுக்கென்றே தயாராகும் பாதுகாப்பு பேன்ட் கிடைக்கிறது. செயின் பட்டதும் அதன் உள்ளிருக்கும் நார்கள் இழுபட்டு, ஸ்பிராக்கெட்டில் சிக்கி மெஷினை நிறுத்திவிடும். மாதம் பல நாள் மரம் அறுப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

ஸ்டார்ட் செய்வதும் பிடிப்பதும்

ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டு, மறு கையால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது பலருக்கும் பழக்கம். இதைக் கட்டாயம் விட வேண்டும். மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் வலது கால் பூட்ஸ் முனையை வைத்து மிதித்துக்கொண்டு, இடது கையால் முன்கைப்பிடியை அழுத்தியபடி கயிற்றை இழுக்க வேண்டும்.

அறுக்கும்போது இரண்டு கைகளும் மெஷினில் இருக்க வேண்டும். இடது கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி அடியில் வளைந்திருக்க வேண்டும். மெஷின் எகிறும்போது பிடியைக் காப்பது அந்தக் கட்டைவிரல்தான்.

எகிறுவது ஏன்? பாரின் மூக்கைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட மேல் கால்வாசிதான் ஆபத்தான இடம். அந்த இடம் கிளையிலோ மறைந்திருக்கும் கட்டையிலோ பட்டால், செயின் மரத்தைக் கடித்து பாரை மேல்நோக்கி ஆளின் முகத்துக்கே திருப்பி வீசும். மூக்கு எங்கே இருக்கிறது என்பதில் எப்போதும் கண் இருக்க வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும் கூடாது. பாருக்கு நேர்பின்னால் நிற்காமல் சற்று இடதுபுறம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

சாய்ந்த மரம் ஏமாற்றும்

நிற்கும் மரத்தைவிட விழுந்த மரத்தில் ஆபத்து அதிகம். அதற்குள் ஒரு விசை முறுக்கேறி நிற்கும். அறுக்கும் முன் எந்தப் பக்கம் அழுந்தி நிற்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

* மரத்தின் இரண்டு முனைகளும் எதன் மேலாவது தாங்கி, நடுவில் அந்தரமாக இருந்தால் மேல்பக்கம் அழுந்தி நிற்கும். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு அடியிலிருந்து முடிக்க வேண்டும்.
* ஒரு முனை மட்டும் தாங்கி, மறு முனை வெளியே நீண்டிருந்தால் அடிப்பக்கம் அழுந்தி நிற்கும். முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து.

இதை மாற்றிச் செய்தால் பார் மரத்துக்குள் சிக்கும், அல்லது மரம் வெடித்துத் தெறிக்கும். அடியிலிருந்து அறுக்கும்போது மெஷின் ஆளை நோக்கித் தள்ளும் என்பதால் பிடி உறுதியாக இருக்க வேண்டும்.

வேரோடு சாய்ந்த மரத்தை அடியில் அறுத்தால், மண்ணோடு தூக்கி நிற்கும் வேர்க்கட்டு திடீரென்று குழிக்குள் திரும்ப விழும். அந்தக் குழியில் பிள்ளைகள் விளையாடவோ, ஆடு கட்டவோ விடக் கூடாது. மரம் மின்கம்பியில் சாய்ந்திருந்தால், மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்யும்வரை கிட்டே போகக் கூடாது.

நிற்கும் மரத்தை வீழ்த்தும்போது மர உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. மரம் சாயும் திசைக்கு எதிர்ப்புறமாக, பக்கவாட்டில் ஒதுங்கி ஓட ஒரு பாதையை முதலிலேயே சுத்தம் செய்து வைக்க வேண்டும். தென்னை மரம் வெளிப்புறம் கடினமாகவும் உள்ளே மென்மையாகவும் இருக்கும். பட்டையில் ஒட்டிய மண்ணும் மணலும் செயினைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். அறுக்கும் இடத்தில் மண்ணைத் துடைத்துவிடுவது நல்லது.

தனி ஆளாகச் செயின் சா வேலைக்குப் போகக் கூடாது. காயம் பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, பிடியை விடாமல் 108-க்குச் சொல்ல இன்னொருவர் வேண்டும்.

அரம் போடும் முறை

கூரான செயின் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மாவு போலத் தூள் வந்தாலோ, புகை வந்தாலோ, வெட்டு ஒரு பக்கம் கோணிப் போனாலோ அரம் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

செயினுக்கு ஏற்ற உருண்டை அரம் வேண்டும். சிறிய மெஷின்களின் செயினுக்கு 4 மில்லிமீட்டரும், நடுத்தர மெஷின்களில் வரும் .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டரும் பொதுவான அளவு. பல்லின் மேல் உள்ள சாய்வுக் கோட்டைப் பார்த்து, பெரும்பாலும் 30 டிகிரியில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ள வேண்டும். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. பல்லுக்கு முன்னால் உள்ள சிறு திமிலை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டால் மெஷின் எகிறும் ஆபத்து கூடும்.

வேலை முடிந்ததும் செயினைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கி, கிராங்க் ஷாஃப்டை இழுக்கும். செயின் மாற்றும்போதெல்லாம் பாரின் காடியைச் சுத்தம் செய்து, பாரை மேல்கீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

வாசகர் கேள்விகள்

பழைய இன்ஜின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றலாமா?
கூடாது. அதிலுள்ள உலோகத் துகள் ஆயில் பம்பையும் பாரையும் தேய்க்கும். செயினிலிருந்து தெறித்து உடம்பிலும் நிலத்திலும் படும். செயினுக்கென விற்கும் ஆயிலையே ஊற்ற வேண்டும்.

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் செயின் சுற்றுகிறது. என்ன செய்வது?
ஐடில் வேகம் அதிகமாக இருக்கும். ஐடில் திருகைக் குறைத்துப் பார்க்கலாம். அப்படியும் நிற்கவில்லை என்றால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது.

ஆறு மாதம் சும்மா இருந்த மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை.
பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, இடைவெளி 0.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இனி எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைத்தால் இந்தத் தொல்லை வராது.

பழைய மெஷின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
செயின் பிரேக், அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி, ஆக்சிலரேட்டர் லாக், அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் இந்த நான்கும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஒன்று இல்லை என்றாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.