மருந்து இல்லாத ஊசி!

ஒரு ஊசிக்கே பலர் நடுங்குவார்கள். பத்துப் பதினைந்து ஊசி என்றால் கேட்க வேண்டுமா? அக்குபஞ்சர் வைத்தியத்துக்கு முதல் தடவை போகிறவர்களின் பயம் இதுதான்.

ஊசிக்குப் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

சீனாவில் பிறந்தது

இது 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சீன வைத்தியம். இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பிஜாய் குமார் பாசு. சீனா மீது ஜப்பான் படையெடுத்திருந்த சமயம், 1938-ல், காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்ய இந்திய டாக்டர்கள் 5 பேர் அங்கு போனார்கள். அவர்களில் பாசுவும் ஒருவர். அவருடன் போன டாக்டர் கோட்னிஸ் 1942-ல் சீனாவிலேயே இறந்து விட்டார். பாசு 1958-ல் மீண்டும் சீனா சென்று, ஊசி வைத்தியத்தைக் கற்றுத் திரும்பினார்.

வலிக்குமா?

மருந்து ஏற்றும் ஊசியில் துளை இருக்கும். இதில் துளையும் இல்லை, மருந்தும் இல்லை. முடி போல மெல்லிய எஃகு ஊசி. குத்தும்போது எறும்பு கடித்தது போல 'சுருக்' என்னும். பிறகு அந்த இடம் கனக்கும், அல்லது மரத்தது போல இருக்கும். 20 நிமிடம், அரை மணி நேரம் ஊசி அப்படியே இருக்கும். அதற்குள் குறட்டை விடுகிறவர்களும் உண்டு!

வெறும் வயிற்றோடு போகக்கூடாது. மயக்கம் வரலாம்.

புது ஊசியா?

ஒருவருக்குக் குத்திய ஊசியைச் சுத்தம் செய்யாமல் இன்னொருவருக்குக் குத்தினால், மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தின் வழியே பரவும். ஆகவே, உறையைக் கண் முன்னால் கிழித்து, புது ஊசியை எடுக்கச் சொல்ல வேண்டும். இதற்குக் கூச்சம் எதற்கு? கேட்டதற்குக் கோபப்படுகிற வைத்தியரிடம் உடம்பைக் கொடுக்காமல் எழுந்து வருவதே நல்லது.

கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லி விட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். சிலர் ஊசியில் லேசாக மின்சாரம் பாய்ச்சுவார்கள். இதயத்தில் 'பேஸ்மேக்கர்' வைத்திருப்பவர்களுக்கு அது ஆகாது.

மார்பில் ஆழமாகக் குத்தி விட்டால் நுரையீரலில் ஓட்டை விழும். இது மிக அபூர்வம். ஆனால், ஊசி போட்ட பின் மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

நாள்பட்ட முதுகு வலி, முழங்கால் வலி, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்கு இதனால் ஓரளவு குணம் தெரிகிறது. பெயருக்கு ஊசி குத்தியும் சோதித்தார்கள். அவர்களிலும் பலருக்கு வலி குறைந்தது! உண்மையான ஊசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வலி வேறு. சர்க்கரை நோய், புற்றுநோய் வேறு. "ஊசி போட்டாகி விட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று யார் சொன்னாலும் கேட்கக்கூடாது. இன்சுலினை நம்பி வாழும் குழந்தைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரும். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும், அதை எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்ல வேண்டியது.

எத்தனை தடவை போவது? ஒற்றைத் தலைவலிக்கு 5 முதல் 8 வாரங்களுக்குள் 10 தடவை வரை போதும் என்று பிரிட்டிஷ் நிபுணர்கள் 2012-ல் கூறினார்கள். எத்தனை தடவை, எவ்வளவு பணம் என்பதை முதல் நாளே கேட்டுக் கொள்ளலாம்.