ஒழிந்த வேளையும் ஒதுக்கிய வேளையும்

"படிக்க ஆசை இருக்கிறது, அவகாசந்தான் இல்லை." இக்காலத்துக் கிருகஸ்தர்கள் அநேகமாக எல்லோரும் சொல்லும் சமாதானம் இது. காலையில் உத்தியோகத்துக்கு ஓட வேண்டும். மாலையில் கடைக் கணக்கு, குழந்தைகளின் பாடம், உறவினர் வீட்டு விசேஷம். மிச்சமிருக்கும் சிறு பொழுதையும் கைத்தொலைபேசி விழுங்கிவிடுகிறது. ஒழிந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்த புத்தகத்தின்மேல் தூசிதான் படிகிறது.

இந்தக் குறை எந்த ஒரு மதத்தாருக்கும் தனியுரிமை அன்று. ஆயினும் இதற்குப் பரிகாரம் தேடியவர்களுள் முஸ்லிம்களின் வரலாறு மிகவும் கவனிக்கத் தக்கது. ஏனெனில் அம்மார்க்கத்தில் கல்வி துறவிகளுக்கு மட்டும் உரியதாக வைக்கப்படவில்லை. கடை வைத்திருப்பவனும், தோட்டத்தில் உழைப்பவனும், குழந்தை வளர்ப்பவளும் கற்றாக வேண்டும் என்பதே அதன் கொள்கை.

கி.பி. 610-ஆம் ஆண்டளவில், ஹிரா என்னும் மலைக் குகையில் நபிகள் நாயகம் அவர்களுக்கு முதன்முதலாக வந்த கட்டளையே ஓதும்படி ஏவியதாகும். ஆனால் திருக்குர்ஆன் முழுவதும் ஒரே நாளில் அருளப்பட்டுவிடவில்லை. சுமார் 23 ஆண்டுக் காலம் சிறிது சிறிதாக வந்தது. அதைக் கேட்டு மனனம் செய்தவர்களும் வேலையற்றவர்கள் அல்லர். மக்காவிலிருந்து குடியேறியவர்களுக்குக் கடைத்தெருவில் வியாபாரம் இருந்தது. மதீனாவாசிகளுக்குப் பேரீச்சந் தோட்டங்களில் வேலை இருந்தது. இவ்வளவுக்கும் நடுவே அவர்கள் எப்படிக் கற்றார்கள்?

பின்னாளில் கலீபாவாக விளங்கிய உமர் அவர்கள் செய்த ஏற்பாடு ஒன்றை இமாம் புகாரியின் நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். மதீனாவின் புறப் பகுதியில் குடியிருந்த அவருக்கு நாள்தோறும் நாயகத்தின் சபைக்குப் போய்வர இயலவில்லை. அண்டை வீட்டு அன்பர் ஒருவருக்கும் அதே சங்கடம். இருவரும் கலந்து பேசி முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவர் போவார். மறுநாள் அவர் போவார். போய் வந்தவர் அன்று கேட்டதையெல்லாம் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். இதனால் தொழிலும் கெடவில்லை; பாடமும் தவறவில்லை. மேலும், கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போது அது நெஞ்சில் ஊன்றுகிறது. பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு இந்த உண்மை நன்றாகவே தெரியும்.

அதே தொகுப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆடவர்களே எப்போதும் நாயகத்தைச் சூழ்ந்துகொள்கிறார்கள், தங்களுக்கு இடமே கிடைப்பதில்லை என்று ஸ்திரீகள் முறையிட்டார்கள். தங்களுக்கென்று தனியே ஒரு நாள் வேண்டும் என்று கேட்டார்கள். நாயகமும் அவ்வாறே ஒரு நாளைக் குறித்து, அவர்களுக்கு உபதேசம் செய்தார்கள். வேலை ஒழிந்ததும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தால் அந்த நாள் வந்தே இராது. குடும்பப் பெண்ணுக்கு வேலை ஒழியும் நேரம் எது?

அளவு மிஞ்சினால் அலுப்புத் தட்டும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். நாயகத்தின் தோழரான இப்னு மஸ்ஊத் அவர்கள் வியாழக்கிழமை தோறும் உபதேசம் செய்வது வழக்கம். தினந்தோறும் செய்யலாகாதா என்று ஒருவர் ஆசையோடு கேட்டபோது, கேட்பவர்களுக்குச் சலிப்பு உண்டாக்க விரும்பவில்லை என்றும், நாயகமும் தங்கள் விஷயத்தில் அவ்விதமே நடந்துகொண்டார்கள் என்றும் விடையளித்தார். கொஞ்சமாயினும் விடாமல் செய்யும் நற்செயலே இறைவனுக்கு மிகவும் உவப்பானது என்பது நபிமொழிகளில் காணும் கருத்து.

இந்த வழியில் வந்த அறிஞர்களின் பெயர்களைப் பார்த்தாலே வியப்பாக இருக்கிறது. சட்ட நூல் வல்லுநரான கஸ்ஸாப் என்பாரின் பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். குதூரி என்பது பானைத் தொழிலைக் குறிக்கும். ஹல்வானி என்பது மிட்டாய் வியாபாரத்தைக் குறிக்கும். 767-இல் காலமான இமாம் அபூ ஹனீபா அவர்கள் கூபா நகரத்தில் பட்டுத் துணி வியாபாரம் செய்தவர். பாரத தேசத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் இன்றளவும் அவருடைய சட்ட மரபையே பின்பற்றுகிறார்கள்.

உத்தியோகச் சுமைக்கு இப்னு சீனாவைக் காட்டிலும் வேறு உதாரணம் வேண்டியதில்லை. ஹமதான் நகரத்து அமீரிடம் மந்திரியாக இருந்த அவருக்குப் பகல் முழுவதும் அரண்மனை அலுவல். ஆகையால் மாணாக்கர்கள் இரவில் அவர் வீட்டில் கூடினார்கள். தத்துவ நூலையும் வைத்திய நூலையும் முறை வைத்து வாசித்தார்கள். அந்த வைத்திய நூல் பிற்காலத்தில் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாட புத்தகமாக விளங்கியது. ஸ்பெயின் தேசத்தில் நீதிபதியாயிருந்த இப்னு ருஷ்தைப் பற்றி ஒரு வரலாறு சொல்வார்கள்: தந்தை இறந்த இரவும், தமக்கு விவாகம் நடந்த இரவும் நீங்கலாக, அறிவு வந்த நாள் முதல் அவர் படிக்காத இரவே இல்லையாம்!

நம் தமிழ் நாட்டு முஸ்லிம்களிடமும் இம்மரபு உண்டு. பாடசாலையையும் பள்ளி என்கிறோம். தொழுமிடத்தையும் பள்ளிவாசல் என்கிறோம். ஐவேளைத் தொழுகை நாளை ஐந்து கூறாக வகுத்துத் தருகிறது. சுபுஹுத் தொழுகைக்குப்பின் சூரியோதயம் வரை ஒரு பொழுது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். சிறுவர்கள் ஓதப் போவது பெரும்பாலும் இப்பொழுதுகளில்தான். காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் புகாரித் தொகுப்பைத் தினமும் ஓதிப் பொருள் சொல்லும் மஜ்லிஸ் கூடுகிறது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். குர்ஆனில் 6,236 வசனங்கள். நாளொன்றுக்கு ஐந்து வசனங்களைப் பொருளோடு கற்பவர் மூன்று ஆண்டு ஐந்து மாதத்தில் முழுவதையும் முடித்துவிடலாம். ஓய்வு வரட்டும் என்று காத்திருப்பவருக்கு மூன்று ஆண்டு போனது தெரியாது. புத்தகம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஓய்வு கிடைத்தால் மட்டும் போதாது என்பதற்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் சிறைவாசமே சான்று. 1942 ஆகஸ்டில் கைதாகி அகமத்நகர்க் கோட்டையில் அடைபட்ட அவருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும் வைகறைக்கு முன்பே எழுந்து, தம் கையாலேயே தேநீர் தயாரித்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிடுவார். மனைவியார் கல்கத்தாவில் காலமான துயரச் செய்தியும் அக்கோட்டைக்குள் இருக்கும்போதே அவருக்கு எட்டியது. அனுப்ப வழியின்றி நண்பருக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1946-இல் நூலாக வெளிவந்து, உருதுவின் சிறந்த வசன நூல்களில் ஒன்றாகப் போற்றப்படுகின்றன. 1947 முதல் 1958-இல் காலமாகும் வரை சுதந்தர இந்தியாவின் கல்வி மந்திரியாக இருந்தவரும் அவரே.

ஆகவே அவகாசம் தானாக வருவதில்லை. அதை நாமேதான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதை ஒதுக்கும்போது ஒன்றை மறக்கலாகாது. கணவர் விளக்கடியில் புத்தகத்தோடு அமர்ந்திருக்கையில், மனைவி அடுப்படியில் நின்றபடியே இருந்தால், அது அரைக் குடும்பத்தின் கல்விதான். உமரும் அண்டை வீட்டாரும் முறை வைத்துக்கொண்டது போல, வீட்டு வேலையிலும் முறை வைத்துக்கொள்வதில் இழுக்கு ஏதும் இல்லை. ஒருவர் பாத்திரம் துலக்கும் அரை மணியில் மற்றவர் படிக்கட்டும். படித்ததை உணவு வேளையில் எல்லோருக்கும் சொல்லட்டும். அந்த வீட்டுக் குழந்தைகளை யாரும் படி, படி என்று அதட்ட வேண்டியிராது. வாசகர்கள் இன்று மாலையே தங்கள் வீட்டில் அந்த அரை மணியைக் குறித்துக்கொள்வார்களாக!